கேபிளைப் பிடுங்கினால் விழும் கர்னல்: சீரியல் டிரைவரில் செத்த பாயிண்டர்களைத் திருத்த முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் ஆலைகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வெளியே பளபளவென்று டச் ஸ்கிரீன் இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு கம்பி ஆர்எஸ்-485 என்ற பழைய சீரியல் இணைப்புதான் ஓடிக்கொண்டிருக்கும். எடைமேடை, சில்லர், மோட்டார் டிரைவ் என்று பல இயந்திரங்கள் இன்னும் சீரியலில்தான் பேசுகின்றன. நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் நாலைந்து போர்ட் உள்ள யூஎஸ்பி அடாப்டர், அடாப்டரோடு வந்த டிரைவர். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு யாராவது கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள். சில சமயம் யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் பெரிய மோட்டார் கிளம்பும்போது எழும் மின் இரைச்சலில் யூஎஸ்பி இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்ப வரும். பெட்டி அப்படியே உறைந்துபோகும்.

இப்படி விழும் டிரைவர்களைத் திறந்து பார்த்தால் அடிக்கடி அகப்படுவது ஒரே வகைப் பிழைதான். விடுவித்துவிட்ட மெமரியின் முகவரியை யாரோ இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்தவர் பழைய சாவியைத் திருப்பித் தராத கதைதான். சாவி கதவைத் திறக்கும், ஆனால் உள்ளே வேறொரு குடும்பம் இருக்கும். லினக்ஸின் மையமான கர்னலும் அதே மெமரியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். உங்கள் டிரைவர் அதில் எழுதும். விழுவது என்னவோ சம்பந்தமே இல்லாத நெட்வொர்க் கோடாகவோ ஃபைல் சிஸ்டமாகவோ இருக்கும்.

விழுந்த வரியில் ஒரு 'நல்' செக் (பாயிண்டர் வெற்றா என்ற சோதனை) போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அது மருந்தே இல்லை. செத்த பாயிண்டர் 'நல்' ஆக இருக்காது, பார்வைக்கு நல்ல முகவரியாகவே இருக்கும். கேஃப்ரீயால் மெமரியை விடுவித்த கையோடு பாயிண்டரை 'நல்' ஆக்கினாலும் ஒரே ஒரு பிரதிதான் அழிகிறது. டைமர் கையிலும் வொர்க் (பிறகு ஓட்டுவதற்காக வரிசையில் போட்ட வேலை) கையிலும் இருக்கும் பிரதிகள் அப்படியே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஆப்ஜெக்டை யார் யார் பிடித்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எப்போது விடுகிறார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவைதான்.

கர்னல் பெயர்களைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். சோர்ஸில் தேடும்போது எழுத்துக்கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 0: இந்த டிரைவர் உங்களுக்கு வேண்டுமா?

வேலையைத் தொடங்கும் முன் அடாப்டருக்குள் என்ன சிப் இருக்கிறது என்று பாருங்கள். சிம் லிம் டவரில் கைக்கு வரும் அடாப்டர்களில் எஃப்டிடிஐ, சிஎச்340, பிஎல்2303, சிபி210எக்ஸ் ஆகியவையே அடிக்கடி கண்ணில் படும். நான்குக்கும் லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, பல ஆண்டுகளாகப் பலரும் அடித்துத் துவைத்த கோடு. சிப் அதில் ஒன்றாக இருந்தால் விற்பவர் கொடுத்த டிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டு கர்னலோடு வருவதையே போடுங்கள். வேறு வழியில்லை, நீங்களேதான் டிரைவரைப் பராமரிக்க வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: நோயை உறுதிசெய்யுங்கள்

பெட்டி விழும்போது கர்னல் அச்சிடும் ஊப்ஸ் செய்தி வேண்டும். சீரியல் டிரைவரே விழும்போது சீரியல் கன்சோலை நம்புவது வேடிக்கை. செய்தியை நெட்வொர்க் வழியே வேறு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோல் போடுங்கள், இல்லையென்றால் ரீபூட்டுக்குப் பிறகும் ஒரு துண்டு மெமரியில் பதிவை வைத்திருக்கும் ராம்ஊப்ஸ் போடுங்கள்.

செய்தியில் ரெஜிஸ்டர்களின் மதிப்பைப் பாருங்கள். கர்னலில் மெமரியைப் பங்கிட்டுத் தரும் ஸ்லாப் அலோகேட்டரின் டீபக் வசதி இயங்கினால், விடுவித்த மெமரி கிட்டத்தட்ட முழுக்க ஒரே பைட்டால் நிரப்பப்பட்டிருக்கும். பதினாறடிமான எண்ணில் அது 6பி. ஆகவே ஒரு ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று வரிசையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், விடுவித்த மெமரியிலிருந்து ஒரு பாயிண்டரைப் படித்து அதன் வழியே போயிருக்கிறீர்கள். 64 பிட் இன்டெல் இயந்திரத்தில் அது முறையான முகவரியே அல்ல என்பதால், பேஜ் ஃபால்ட்டுக்குப் பதில் ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட் என்று செய்தி வரும். இன்னொரு தடயம், ஆங்கிலத்தில் 'டெட்' என்ற நான்கு எழுத்தில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி. அது லிஸ்டிலிருந்து எடுத்துவிட்ட உறுப்பில் கர்னலே வைக்கும் அடையாளம். லிஸ்டிலிருந்து நீக்கியதை மறுபடி நீக்கினாலும் அதன் வழியே நடந்தாலும் அது தலைகாட்டும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழுகிறதா? அதுவும் இதே நோயின் குணம்தான். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: பிழையைக் காட்டிக்கொடுக்கும் கர்னலைக் கட்டுங்கள்

சோதனைக்கென்று தனி கர்னல் கட்டுவது முக்கியம். அதில் முதலாவது, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான். 2015ல் 4.0 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, தொடக்கூடாத மெமரியைத் தொட்ட அந்தக் கணமே அறிக்கை தரும். விலை என்னவென்றால் மெமரியில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போய்விடும், கர்னலும் கண்கூடாக மெதுவாகும். 32 பிட் ஆர்ம் போர்டுகளுக்கும் 5.11 முதல் கிடைக்கிறது. மெமரி குறைந்த போர்டு என்றால் யூஎஸ்பி டிரைவரை ஒரு சாதாரண பிசியில் சோதிப்பதே புத்திசாலித்தனம்; டிரைவர் கோடு அதேதானே.

கூடவே இவற்றையும் இயக்குங்கள். டீபக்_ஆப்ஜெக்ட்ஸ் தொகுதியில் டைமர், வொர்க், ஃப்ரீ மூன்றும்: டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தாங்கிய மெமரியை விடுவித்தால் அந்த இடத்திலேயே கத்தும். டீபக்_கேஆப்ஜெக்ட்_ரிலீஸ்: ஆப்ஜெக்டின் கடைசி விடுவிப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தும், அதனால் 'எப்படியும் உடனே போய்விடும்' என்று நம்பிய கோடு மாட்டிக்கொள்ளும். புரூவ்_லாக்கிங்: இது எதற்கு என்பது படி 7ல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கேசான் இயல்பாக முதல் பிழையை மட்டுமே அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது முறை சோதித்து அறிக்கை வரவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ரீபூட் செய்யுங்கள், அல்லது பூட் வரியில் கேசான்_மல்ட்டி_ஷாட் சேருங்கள்.

படி 3: நினைத்தபோது விழவையுங்கள்

கையால் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் விரல்தான் வலிக்கும். கருவிகளையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு டிரைவருக்கும் 'அன்பைண்ட்', 'பைண்ட்' என்று இரண்டு கோப்புகள் உண்டு. அன்பைண்டில் கருவியின் பெயரை எழுதினால் டிரைவருக்கு அது கேபிள் பிடுங்கியது போலத்தான்.

ஒரு ஸ்கிரிப்ட் போர்ட்டைத் திறந்து தொடர்ந்து எழுதிப் படித்துக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது, பாட் ரேட்டை மாற்றிக்கொண்டே இருக்கட்டும். மூன்றாவது, அன்பைண்ட்-பைண்ட் சுற்றட்டும். முக்கியமாக, போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் தூங்கி, அன்பைண்ட் முடிந்த பிறகு மூடும் ஒரு புரோகிராமும் வேண்டும். களத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: கேபிள் போய்விட்டது, ஆனால் இயந்திரங்களோடு சீரியலில் பேசும் மோட்பஸ் புரோகிராம் பழைய ஃபைல் கைப்பிடியை விடவே இல்லை.

அப்படியும் விழவில்லை என்றால் பிழை நுழையும் நேர ஜன்னலைப் பெரிதாக்குங்கள். சந்தேகப்படும் கால்பேக்கில் (கர்னல் பிறகு கூப்பிடும் உங்கள் செயற்கூறு), பாயிண்டரைப் படிக்கும் வரிக்கும் பயன்படுத்தும் வரிக்கும் நடுவே சில மில்லிசெகண்ட் தாமதம் செருகுங்கள். வொர்க்கில் என்றால் எம்ஸ்லீப், இன்டரப்ட் சூழலில் என்றால் எம்டிலே. மாதம் ஒருமுறை விழுந்தது நிமிடத்தில் விழும். அந்தத் தாமத வரியைத் தனி பேட்ச்சாக வைத்திருங்கள், கடைசிச் சோதனைக்கு மறுபடி தேவைப்படும்.

நல் செக் விஷயத்தில் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரோடு நடந்த பேச்சு இது:

"அண்ணே, நல் செக் போட்டுட்டேன், இப்ப விழவே இல்ல."

"எந்த போர்டுல ஓட்டின?"

"டேபிள்ல இருக்கிற பழைய போர்டுதான்."

"அது எத்தனை கோர், தம்பி?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "ஒரே கோர்தான் அண்ணே."

செக்குக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே இன்னொரு கோர் புகுந்து மெமரியை விடுவிப்பதுதான் பிழை. இன்னொரு கோரே இல்லாத போர்டில் அந்த இடுக்கு மிகவும் குறுகிவிடும். குறைந்தது நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் ஓட்டாத சோதனையைச் சோதனை என்றே நான் ஏற்பதில்லை.

படி 4: கேசான் அறிக்கையைப் பொறுமையாகப் படியுங்கள்

அறிக்கை நீளமாக வரும். பலர் முதல் நான்கு வரியைப் பார்த்துவிட்டு அந்தச் செயற்கூற்றுக்கே ஓடிவிடுவார்கள். உண்மையில் அறிக்கையில் மூன்று கதைகள் இருக்கின்றன: யார் தொட்டது, யார் அலோகேட் செய்தது, யார் விடுவித்தது. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம், அதை முதலில் படிப்பேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று பார்ப்போம். தலைப்பில் 'ஸ்லாப்-யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ', 4 பைட் படிப்பு, இடம் உங்கள் டிரைவரின் ஆர்எக்ஸ்_வொர்க். படித்த த்ரெட் கேவொர்க்கர், அதாவது கர்னலின் வொர்க்க்யூ. அலோகேட் செய்தது புரோப், அதாவது கருவி மாட்டியதும் ஓடும் செயற்கூறு. விடுவித்தது கழற்றியதும் ஓடும் டிஸ்கனெக்ட், அதைக் கூப்பிட்டது யூஎஸ்பி ஹப் த்ரெட். கீழே 'லாஸ்ட் பொட்டென்ஷியலி ரிலேட்டட் வொர்க் கிரியேஷன்' என்று இன்னொரு ஸ்டாக் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். அந்த வொர்க்கை வரிசையில் போட்டது யார் என்று அது சொல்லும். நம் எடுத்துக்காட்டில் யூஆர்பி (யூஎஸ்பி வழியே டேட்டாவைக் கொண்டுபோகும் கோரிக்கை) முடிந்ததும் ஓடும் கம்ப்ளீஷன் கால்பேக். கதை முழுசாகிவிட்டது: டேட்டா வந்தது, கால்பேக் வொர்க்கை வரிசையில் போட்டது, வொர்க் ஓடுவதற்குள் டிஸ்கனெக்ட் வந்து மெமரியை விடுவித்துவிட்டது.

அடுத்து, 'விடுவிக்கப்பட்ட 512 பைட் பகுதிக்குள் 88 பைட் தள்ளி' என்ற பொருளில் ஒரு வரி வரும். பாஹோல் கருவியில் உங்கள் ஸ்டிரக்சரைக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று காட்டும். 88ல் எது இருக்கிறதோ அதைத்தான் தொட்டிருக்கிறீர்கள். ஸ்டாக்கில் கேள்விக்குறியோடு வரும் வரிகளை நம்ப வேண்டாம், அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய குப்பையாக இருக்கலாம். முகவரிகளை வரி எண்ணாக மாற்ற கர்னல் மரத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் டீகோட்_ஸ்டாக்டிரேஸ் இருக்கிறது.

படி 5: பிடித்திருப்பவர்களின் பட்டியல் போடுங்கள்

ஒரு தாள் எடுங்கள். சீரியல் டிரைவரில் வெவ்வேறு ஆயுள் உள்ள ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும், குழப்பமே அங்கேதான்.

சீரியல் போர்ட்டுகளை புரோகிராம்களுக்குக் காட்டும் கர்னல் அடுக்குக்கு டிடிஒய் என்று பெயர். அதில் டிடிஒய்_ஸ்டிரக்ட் என்பது ஒரு திறப்பின் ஆயுள். யாராவது போர்ட்டைத் திறக்கும்போது பிறந்து, கடைசி ஆள் மூடி, பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யமானதும் போகும். டிடிஒய்_போர்ட் என்பது கருவியின் ஆயுள். அது உங்கள் பொறுப்பு, பொதுவாக உங்கள் தனி ஸ்டிரக்சருக்குள்ளேயே பொதிந்திருக்கும். யூஆர்ட் என்ற சீரியல் சிப்பை நேரடியாக ஓட்டும் வகை டிரைவர் என்றால் நடுவே யூஆர்ட்_போர்ட் ஒன்று சீரியல் கோர் அடுக்கின் கையில் இருக்கும். இவற்றுக்கு வெளியே யூஎஸ்பி இன்டர்ஃபேஸோ பிளாட்ஃபார்ம் டிவைஸோ, அதன் ஆயுள் கேபிளின் ஆயுள்.

ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் முகவரியை யார் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். திறந்திருக்கும் ஃபைல், இன்டரப்ட் ஹேண்ட்லர், டைமர், வொர்க், பயணத்தில் இருக்கும் யூஆர்பி, டிஎம்ஏ (பிராசசர் இல்லாமலே நடக்கும் டேட்டா மாற்றம்) கால்பேக், வெயிட் க்யூவில் தூங்கும் புரோகிராம், சிஸ்எஃப்எஸ் கோப்பு. எந்த வரிக்கு எதிரே 'எப்போது விடுகிறார்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதோ, அல்லது எங்கே குறுகிய ஆயுள் உள்ளதை நீண்ட ஆயுள் உள்ளது பிடித்திருக்கிறதோ, அங்கே பிழை இருக்கிறது. கேசான் காட்டியது ஒன்றுதான் என்றாலும் தாளில் இன்னும் இரண்டு மூன்று அகப்படும்.

படி 6: டிடிஒய் பாயிண்டரைச் சேமிக்காதீர்கள்

தாளில் முதலில் அகப்படுவது வழக்கமாக இதுதான். ஓப்பனில் கிடைத்த டிடிஒய்_ஸ்டிரக்ட் பாயிண்டரை டிரைவர் தன் ஸ்டிரக்சரில் போட்டு வைத்திருக்கும், டேட்டா வரும்போது அதற்குத் தள்ள. புரோகிராம் மூடிவிட்டால் அந்த பாயிண்டர் செத்துவிடும், ஆனால் யூஆர்பி வந்துகொண்டே இருக்கும்.

திருத்தம் என்பது பெரும்பாலும் நீக்கம்தான். டேட்டாவை உள்ளே தள்ளும் செயற்கூறுகள் டிடிஒய் கேட்ட காலம் போய்விட்டது. 2013ல் வந்த 3.9 பதிப்பிலிருந்து டிடிஒய்_ஃபிளிப்_பஃபர்_புஷ் போன்றவை டிடிஒய்_போர்ட்டையே வாங்கிக்கொள்கின்றன. போர்ட் உங்கள் கையில் இருப்பது, ஆயுள் உங்களுக்குத் தெரிந்தது. எழுதக் காத்திருப்பவரை எழுப்ப டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_வேக்கப், இணைப்பைத் துண்டிக்க டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_ஹேங்கப். இவை இரண்டும் உள்ளுக்குள் தாங்களே ரெஃபரன்ஸ் (நானும் பிடித்திருக்கிறேன் என்ற கணக்கு) எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடுகின்றன. பழைய கோடில் இருக்கும் 'பிரைவ்டாட்டாவின் டிடிஒய்' என்ற உறுப்பையே அழித்துவிட்டு கம்பைல் செய்யுங்கள். எர்ரர் வரும் வரிகள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

டெர்மியோஸ் அமைப்பை (பாட் ரேட் போன்ற போர்ட் அமைப்புகள்) பார்க்க வேண்டும் என்பது போல, உண்மையிலேயே டிடிஒய் தேவைப்படும் இடங்கள் சில மிஞ்சும். அங்கே டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_கெட் கூப்பிட்டு, 'நல்' வந்தால் திரும்பிவிட்டு, வேலை முடிந்ததும் டிடிஒய்_கேரெஃப்_புட் செய்யுங்கள். (இந்த இடத்தில் நல் செக் சரியானது, ரெஃபரன்ஸோடு சேர்ந்து வருவதால்.) போர்ட்டுக்குள் இருக்கும் டிடிஒய் உறுப்பை நேராகப் படிக்காதீர்கள், அதுவும் பழைய சங்கதிதான். இன்னொன்று: ரெஃபரன்ஸ் எடுத்திருந்தால் அந்த மெமரி போகாது, அவ்வளவுதான். அந்த டிடிஒய் ஏற்கெனவே ஹேங்கப் ஆகி வெறுங்கூடாக இருக்கலாம்.

இந்த அடுக்கில் ஒரு தனிப் பாயிண்டர் என்ன செய்யும் என்பதற்கு சிவிஇ-2017-2636 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்புப் பிழை நல்ல உதாரணம். என்_எச்டிஎல்சி என்ற லைன் டிசிப்ளினில் (டிரைவருக்கும் புரோகிராமுக்கும் நடுவே டேட்டாவைக் கையாளும் டிடிஒய் பகுதி), அனுப்பத் தவறிய பஃபரின் முகவரியை டிபஃப் என்று ஓர் உறுப்பில் வைத்திருந்தார்கள். அனுப்பும் த்ரெட்டும் வரிசையைக் காலி செய்யும் த்ரெட்டும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்து, ஒரே பஃபரை இரண்டு முறை காலிப் பட்டியலில் போட்டுவிடும். மூடும்போது இரட்டை விடுவிப்பு. 2009லிருந்து இருந்த பிழையை அலெக்சாண்டர் போபோவ் 2017ல் வெளிப்படுத்தினார். திருத்தியபோது அந்த உறுப்பையே எடுத்துவிட்டு ஸ்பின்லாக் காவலோடு கர்னலின் வழக்கமான லிஸ்டுக்கு மாறினார்கள்.

படி 7: போர்ட்டின் ஆயுளை எண்ணுங்கள், இறங்கும் வரிசையைச் சரிசெய்யுங்கள்

இப்போது எதிர்த்திசை: டிடிஒய் இன்னும் திறந்திருக்கிறது, கருவி போய்விட்டது. கேபிள் பிடுங்கினால் விழுவது இதனால்தான்.

முதல் குற்றவாளி பெரும்பாலும் டெவ்எம் அலோகேஷன். டெவ்எம் வகையில் எடுத்த மெமரி டிரைவர் கருவியிலிருந்து கழன்றதும் தானாகப் போய்விடும். வசதிதான், ஆனால் திறந்திருக்கும் ஃபைலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. டிடிஒய்_போர்ட்டைத் தாங்கும் யூஎஸ்பி டிரைவர் ஸ்டிரக்சரை டெவ்எம்மில் எடுக்காதீர்கள். சாதாரணமாக அலோகேட் செய்து, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை வையுங்கள். டிடிஒய் செயல்பாடுகளில் 'இன்ஸ்டால்' வரும்போது ஒரு ரெஃபரன்ஸ் எடுங்கள், 'க்ளீனப்' வரும்போது விடுங்கள். ரெஃபரன்ஸை 'க்ளோஸ்'ஸில் விட்டால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். டிடிஒய் உண்மையிலேயே விடுவிக்கப்படும் கணத்தில்தான் க்ளீனப் வரும். மெமரியைக் கடைசியாக விடுவிப்பது போர்ட்டின் 'டிஸ்ட்ரக்ட்' செயல்பாட்டில் மட்டும் இருக்கட்டும். டிஸ்கனெக்ட் செய்வது கேஃப்ரீ அல்ல, தன் பங்கு ரெஃபரன்ஸை விடுவது மட்டுமே.

டெவ்எம்மில் எடுத்த இன்டரப்ட்டும் இதே வம்புதான், தலைகீழாக. ரிமூவ் செயற்கூறு முடிந்த பிறகுதான் அந்த இன்டரப்ட் விடுவிக்கப்படும். ரிமூவுக்குள் நீங்கள் கையால் கேஃப்ரீ செய்தால், நடுவே வரும் இன்டரப்ட் செத்த மெமரிக்குள் போகும். டெவ்எம்_ஃப்ரீ_ஐஆர்க்யூவை நீங்களே முதலில் கூப்பிட்டால், வேறு கோரில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருந்து திரும்பும்.

அடுத்து, இறங்கும் வரிசை. புதிதாக யாரும் உள்ளே வராமல் செய், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை காத்திரு, பிறகு விடு. கர்னலின் யூஎஸ்பி-சீரியல் மையக் கோட்டில் டிஸ்கனெக்ட் செயற்கூற்றைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். நான் பார்த்ததில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மியூடெக்ஸ் என்ற லாக்குக்குள் 'டிஸ்கனெக்டட்' கொடியை ஏற்றுகிறது, இனி ஓப்பன் வந்தால் திருப்பி அனுப்பப்படும். ஒவ்வொரு போர்ட்டையும் ஹேங்கப் செய்கிறது. யூஆர்பிகளுக்கு விஷம் வைக்கிறது. வெயிட் க்யூவில் தூங்குபவர்களை எழுப்புகிறது. வொர்க்கை நிறுத்திக் காத்திருக்கிறது. டிவைஸை நீக்குகிறது. கடைசியில் ரெஃபரன்ஸை விடுகிறது, அவ்வளவுதான். எழுப்பப்பட்டவர் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டு போர்ட்டின் கொடியைப் படித்துக்கொண்டிருக்கலாம், அதனால்தான் நேராக கேஃப்ரீ இல்லை.

ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் வகை, காத்திருக்காத வகை என்று இரண்டு உண்டு. பிழைகள் அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கும். டிடிஒய்_ஹேங்கப் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். டிடிஒய்_விஹேங்கப் முடித்துவிட்டுத்தான் திரும்பும். டிஎம்ஏவில் டெர்மினேட்_ஆல் கூப்பிட்டால் கால்பேக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், டெர்மினேட்_சிங்க் காத்திருக்கும். யூஎஸ்பி_கில்_யூஆர்பி ஓடுவதை நிறுத்தும், ஆனால் பிறகு யாராவது மறுபடி சப்மிட் செய்யலாம்; யூஎஸ்பி_பாய்சன்_யூஆர்பி அதையும் தடுக்கும். டைமருக்கும் இதே கதை: டைமர்_டிலீட்_சிங்க் நிறுத்திக் காத்திருக்கும், 6.2ல் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் மறுபடி கிளப்பவே விடாது. டைமர் வொர்க்கை எழுப்ப, வொர்க் டைமரைக் கிளப்ப என்று இரண்டும் ஒன்றையொன்று துரத்தும் டிரைவர்களுக்கு இது வரப்பிரசாதம். முதலில் டைமரை ஷட்டவுன் செய்துவிட்டு அப்புறம் கேன்சல்_வொர்க்_சிங்க் கூப்பிட்டால் போதும்.

காத்திருக்கும் செயற்கூறு என்றால் டெட்லாக்கும் கூடவே வரும். வொர்க் எடுக்கும் அதே மியூடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேன்சல்_வொர்க்_சிங்க் கூப்பிட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புரூவ்_லாக்கிங்கை இயக்கச் சொன்னது இதற்குத்தான். பெட்டி உண்மையில் தொங்குவதற்கு முன்பே எச்சரிக்கும்.

யூஆர்ட் வகை டிரைவர் எழுதுபவர்களுக்கு வேலை குறைவு. ரிமூவில் யூஆர்ட்_ரிமூவ்_ஒன்_போர்ட்டை முதலில் கூப்பிடுங்கள், ஹேங்கப் உட்பட பெரும்பாலானதை சீரியல் கோர் பார்த்துக்கொள்ளும். உங்கள் டைமரையும் வொர்க்கையும் மட்டும் அதற்குப் பிறகு நிறுத்துங்கள். கிளாக்கை அணைப்பது கடைசியில்.

லாக் இருக்கிறது என்பதாலேயே திருப்தி அடையவும் வேண்டாம். எந்த லாக் என்று பாருங்கள். 2020ல் வந்த சிவிஇ-2020-29661 இந்த டிடிஒய் அடுக்கிலேயே நடந்தது. புரோசஸ் குழுவை மாற்றும் கோடு லாக் எடுத்தது, ஆனால் மாற்றியது ஒரு டிடிஒய்யை, எடுத்தது சூடோ டெர்மினல் இணையின் மறுமுனையான இன்னொரு டிடிஒய்யின் லாக். இருவர் இரு வேறு லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே எண்ணிக்கையை மாற்ற, செத்த பாயிண்டர் பிறந்தது.

படி 8: சரியாகிவிட்டதா?

படி 3ன் ஸ்கிரிப்டுகளைத் தாமத பேட்ச்சோடு சேர்த்து ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். கேபிள் போன பிறகு பழைய கைப்பிடியில் படித்தால் ஃபைல் முடிந்தது என்ற பூஜ்யம் வர வேண்டும், எழுதினால் ஐஓ எர்ரர் வர வேண்டும். ஹேங்கப் ஆன டிடிஒய்யின் முறையான நடத்தை அதுதான். மோட்பஸ் புரோகிராம் அதைக் கண்டதும் கைப்பிடியை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கர்னல் பிழைக்கும், தளத்திலிருந்து போன் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறையும் சோதியுங்கள். ரெஃபரன்ஸ் எடுத்துவிட்டு விட மறந்தால் எதுவும் விழாது, மெமரி மட்டும் கசியும். கசிவைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக் ஓட்டுங்கள். எல்லாக் கைப்பிடிகளையும் மூடிய பிறகும் மாட்யூலை இறக்க முடியவில்லை, 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று அடம்பிடிக்கிறது என்றால் எங்கோ ஒரு ரெஃபரன்ஸ் தொங்குகிறது.

பேட்ச்சை கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவதாக இருந்தால், இரண்டு கோர்களில் எது எதற்குப் பின் நடந்தது என்பதைக் கமிட் செய்தியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 எழுத்தோடு ஃபிக்ஸஸ் வரியும், பழைய பதிப்புகளுக்கும் போக ஸ்டேபிள் வரியும் சேருங்கள். டிடிஒய் உறுப்பை நீக்கியது ஒரு பேட்ச், இறங்கும் வரிசையை மாற்றியது இன்னொரு பேட்ச். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் பார்ப்பவர் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆலைக்குத் திரும்பப் போகும் கர்னலில் கேசானை எடுத்துவிடுங்கள், அந்தச் சுமை அங்கே தாங்காது. பதிலுக்கு 5.12ல் வந்த கேஃபென்ஸை இயக்குங்கள். இயல்பாக 100 மில்லிசெகண்டுக்கு ஓர் அலோகேஷனை மட்டும் காவலுக்கு எடுத்துக்கொள்ளும், வேகம் குறைவது தெரியவே தெரியாது, எடுக்கும் மெமரியும் 2 எம்பி அளவுதான். ஒரு பெட்டியில் அது எதையும் பிடிக்காமல் போகலாம். ஐம்பது பெட்டிகளில் மாதக்கணக்கில் ஓடும்போது, நீங்கள் மேசையில் காணாததை ஏதாவது ஒரு பெட்டி ராம்ஊப்ஸில் எழுதி வைத்திருக்கும். அடுத்த பராமரிப்புக்குப் போகும்போது அந்தக் கோப்பை எடுத்து வரச் சொல்லுங்கள்.